தியாகராசா மாஸ்டரின் கல்வெட்டு

முதல் தாளின் பதினோராவது வரியில், 'எனது பாட்டனார் உடையார் வழியில் வந்தவர்' என்ற வசனத்துக்கு எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தெருப்பக்கத்து யன்னலால் காற்று அடித்தது. எழுத்துப் பெட்டிக்கு மேலே கிளிப்பில் தொங்கிய தாள் படபடத்து மறுபக்கம் காட்டி நின்றது. அந்தப் பக்கத்திலும் எழுத்து. நீல மை. 'இரண்டாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, தீபகற்பத்தில் முப்பத்தொன்பதாவது கிணறும் உப்பானது.' நான் எழுதிய வசனம். என் கையெழுத்து.

எழுத்தை வரியாக அடுக்கக் கையில் பிடித்திருந்த இரும்பு ஸ்டிக்கில் பாட்டனார் பாதியில் நின்றார். அவரை அப்படியே வைத்துவிட்டுக் கட்டை அவிழ்த்துத் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஐம்பத்தெட்டுத் தாள். முன்பக்கம் ஐம்பத்தெட்டிலும் தியாகராசா மாஸ்டரின் வாழ்க்கை வரலாறு, கறுப்பு மையில், சாய்வில்லாத வாத்தியார் எழுத்தில். முதுகு ஐம்பத்தெட்டிலும் நான். கடைசி ஆறு தாளை மட்டும் காணவில்லை. இரண்டு வருடமாகத் தொலைந்துபோயிருந்த என் புத்தகம், அதைத் தொலைத்ததாகச் சொன்னவனின் புகழுக்குப் பின்னால் கிடந்தது.

அந்தத் தாள்க்கட்டை அன்று காலை கொண்டுவந்து தந்தவர் மாஸ்டரின் மகன் சோமசேகரம். அரசாங்கக் கந்தோரில் பெரிய உத்தியோகம். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல் முதலாளி சிமியோன் அண்ணையைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"அப்பா தன்ரை வரலாறைத் தானே எழுதி வைச்சிட்டுப் போயிருக்கிறார். ஒரு சொல்லும் மாத்தப்படாது. உள்ளபடி வரவேணும். பேப்பரைப் பற்றி யோசியாதையுங்கோ, எங்கடை பேப்பர். ஊரிலை ஒருத்தருக்கும் இவ்வளவு மொத்தமாய்க் கல்வெட்டு வரேல்லை எண்டு சனம் கதைக்கவேணும்."

எங்கள் பக்கத்தில் ஆள் செத்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சோற்றோடு ஒரு புத்தகமும் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. செத்தவரின் படம், வம்சம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், கடைசியில் சாமிப் பதிகங்கள். பதிகம் இருப்பதால் அதை யாரும் எறியமாட்டார்கள், கடலை சுற்றவும் மாட்டார்கள். சாமி அறைத் தட்டில் திருநீற்று மடலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அது பரம்பரைக்கும் கிடக்கும். தொண்ணூற்று மூன்றில், போர் நடந்த அந்த வருடத்தில், யாழ்ப்பாணத்துக்குத் தாள் வரத் தடை. செய்திப் பத்திரிகையே கொப்பித்தாளிலும் மஞ்சள் தாளிலும் வந்துகொண்டிருந்தது. உயிரோடிருக்கிறவள் எழுதியதை அச்சடிக்கத் தாள் இல்லை. செத்தவனுக்கு எங்கிருந்தோ வந்துவிடும்.

நான் கொழும்புத்துறைக்காரி. அப்பா வலைகாரர், கடலுக்குப் போகத் தடை வந்தபின் வெறும் மனிதர். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளும் நான்தான், பட்டம் எடுத்த முதல் ஆளும் நான்தான். தாவரவியல். அந்தப் பட்டத்துக்கு நாட்டில் வேலை இல்லை, சிமியோன் அண்ணையின் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைதான் இருந்தது. ஞாயிறு பூசைக்குப் போகிற நான் கிழமை நாட்களில் சிவபெருமான் திருவடிகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். மிச்ச நேரத்தில் எழுதினேன். நூறு வருடம் கழித்து நடக்கும் கதைகள், பேய் பிசாசுகளின் கதைகள். பதிப்பிக்க ஒருவரும் வரவில்லை, நானும் ஒருவரையும் கேட்கவில்லை. கொப்பியில் பதினொரு பிரதி கையால் எழுதி வாசிகசாலை வாசிகசாலையாகச் சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வரும்போது ஓரங்களில் பென்சிலால் 'பிறகு?' என்று எழுதியிருப்பார்கள். அது எனக்குப் போதும்.

தொண்ணூற்றொன்றில் எழுதியது பெரியது. இரண்டு கதை. ஒன்றில், எல்லாக் கிணறும் உப்பாகி, ஆளுக்கு ஒருநாளைக்கு இத்தனை மிடறு என்று கைமணிக்கட்டில் ஒரு யந்திரம் எண்ணுகிற காலத்தில், நாலு பெட்டைகள் பனை ஓலையில் விழும் பனியைச் சேர்த்து நாற்பதாவது கிணற்றை நன்னீராக்குவார்கள். மற்றதில், தெல்லிப்பழைப் புளியமரத்து முனி, மரம் நின்ற காணிக்குள் இராணுவ முகாம் வந்துவிட்டதால் இடம்பெயர்ந்து, பள்ளிக்கூட அகதி முகாமில் நிவாரண அட்டைக்கு வரிசையில் நிற்கும். ஊர் அதிகாரியான விதானை பிறப்புச் சான்றிதழ் கேட்பான். பிறந்ததற்கில்லை, செத்ததற்குத்தான் சாட்சி இருக்கிறது என்று முனி சொல்லும்.

அச்சகத்தில் ஒரு விதி உண்டு. கோக்கக் கொடுக்கும் பிரதியைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் எழுதவேண்டும். கோக்கிறவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கக்கூடாது, வரி தவறும். அந்தப் பஞ்சத்திலும் நான் அந்த விதியை மீறவில்லை. கோக்கப்போவது நான்தானே, எனக்கே நான் மரியாதை செய்தேன். அறுபத்துநாலு தாள், ஒரு பக்கம் மட்டும். அதைக் கொண்டுபோய் அணிந்துரைக்கு யாரிடம் கொடுத்தேன் என்பதுதான் என் வாழ்க்கையின் பெரிய மடத்தனம். பெரிய மனிதரின் அணிந்துரை இல்லாமல் புத்தகம் போட்டால் தலைப்பாகை இல்லாத மாப்பிள்ளை மாதிரி என்று எல்லோரும் சொன்னார்கள். தியாகராசா மாஸ்டர் இலக்கிய வட்டத்தின் தலைவர், வேலையிலிருந்து இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து நல்லூரில், கொழும்புக்குப் போய்விட்ட மச்சானின் வீட்டில் இருந்தார்.

அணிந்துரை வரவில்லை. மாதக் கூட்டத்தில் அவர் என் முதற் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். மணிக்கட்டு யந்திரம் வரும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"வலை பின்னுற கை, இப்ப வானத்தைப் பின்னப் பாக்குது," என்றார்.

சபை சிரித்தது. முன் கதிரையில் இருந்த வட்டத்து உறுப்பினர் தம்பிஐயா துடையில் அடித்துச் சிரித்தார். நான் பின்வரிசையில் இருந்தேன். பி.எஸ்சி. பட்டம், என் ஒரே நல்ல சேலை, எல்லாவற்றோடும் இருந்தேன்.

பிறகு நான் பிரதியைத் திருப்பிக் கேட்டு ஐந்து தரம் போனேன். ஐந்தாம் தரம், "செல்லடிக்கு ஓடேக்கை எங்கையோ விழுந்திட்டுது பிள்ளை. உமக்கென்ன, இன்னொண்டு எழுதும்," என்றார். வீட்டுக்கு வந்து முதற்படியைத் தேடினேன். மண்ணெண்ணெய் இல்லாததால் அம்மா அடுப்பு மூட்ட ஒவ்வொரு தாளாகக் கிழித்திருந்தா. "நீதானே நல்லதை மாஸ்டரிட்டைக் குடுத்திட்டாய்," என்றா. அம்மாவோடு என்ன சண்டை? மாஸ்டரோடு போடக் கிடந்த சண்டையைத்தான் மிச்சம் பிடித்து வைத்தேன். அந்த ஆளோ சண்டைக்கு நிற்காமல் ஒரு விடியற்காலை நெஞ்சுவலியில் செத்துப்போனார்.

கட்டு வந்த அன்று பின்னேரமே சோமசேகரம் மாட்டுவண்டிலில் தாள் அனுப்பினார். ஐந்து றீம். தூய வெள்ளை. அந்த வருடத்தில் அந்த வெள்ளையைப் பார்த்தபோது கண் கூசியது. மேல் றீமின் உறையில் அதே சாய்வில்லாத எழுத்து: 'எனது கல்வெட்டுக்கு. பிற தேவைக்கு எடுக்கப்படாது.' திகதி எண்பத்தொன்பது. இடம்பெயர்ந்து வரும்போது சனம் அரிசி மூட்டையையும் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் தன் சாவுக்குத் தாள் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த வெள்ளைத் தாள் செலவாகிவிடக்கூடாது என்றுதான் என் முதுகில் எழுதியிருக்கிறார்.

அங்கேதான் முடிவெடுத்தேன். அழுதுகொண்டு எடுக்கவில்லை. உறையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கை கழுவிவிட்டு எடுத்தேன்.

வலப்பக்கம் எல்லாம் அவர். அந்தத் தாளின் பின்பக்கம் எல்லாம் நான். அவர் எழுதிய ஒழுங்கிலேயே, தாளுக்குத் தாள். அவர் பிறந்த தாளின் பின்னால் முப்பத்தொன்பதாவது கிணறு. அவர் அதிபரான தாளின் பின்னால் முனி வரிசையில் நிற்கும். முன்னூறு பிரதி. முன்னூறு சாமி அறை.

எங்களிடம் இருந்த எழுத்து நாலு பக்கத்துக்குத்தான் காணும். அச்சடித்து முடிந்த பக்கத்தைக் கலைத்து, எழுத்தைப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த பக்கம் கோக்கலாம். அவருடைய புகழைக் கலைத்து அதே எழுத்தில் என் முனியைக் கோத்தேன். மகனுக்குச் சரிபார்க்க அனுப்பியது அப்பாவின் பக்கங்களை மட்டும். 'திருத்தம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினார்.

மூன்றாம் நாள் சிமியோன் அண்ணை கண்டுபிடித்துவிட்டார். மின்சாரம் இல்லாததால் மெசினை அவர்தான் காலால் மிதிப்பது. மிதித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஒரு தாளை உருவிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"பிள்ளை, இதென்ன, மாஸ்டர் முனியோடை அகதி முகாமிலை இருந்தவரோ?"

"மற்றப் பக்கத்தைப் பாருங்கோ அண்ணை."

பார்த்தார். பிறகு தாள்க்கட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, திருப்பித் திருப்பிக் காட்டினேன். உறையையும் காட்டினேன். கூட்டத்தில் நடந்தது அவருக்குத் தெரியும், அந்தக் கூட்டத்து அழைப்பிதழை அடித்ததே அவர்தான்.

"உது வேண்டாம் பிள்ளை," என்றார். "நான் பொம்மருக்குத் தப்பினனான், செல்லுக்குத் தப்பினனான். உவன் சோமசேகரத்தின்ரை வாய்க்குத் தப்பமாட்டன்."

"அப்ப நிப்பாட்டுங்கோ. நான் மிதிக்கிறன்."

"உனக்குக் கால் எட்டாது."

"எட்டும்."

அவர் தாளைத் திரும்பவும் எடுத்தார். வாசித்தார். மெசின் நின்ற அமைதியில் அவருடைய உதடு அசைவது தெரிந்தது. ஒரு இடத்தில் வயிறு குலுங்கியது.

"விதானை முனியிட்டைக் கேக்கிறான், 'குடும்பத்திலை எத்தினை பேர்' எண்டு..." அவரால் முடிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெசினில் காலை வைத்தார். "ஒண்டு மட்டும் செய். கடைசியிலை அச்சகத்தின்ரை பேரைப் போடாதை."

"நல்லூரிலை இருந்து கடல்மட்டும் மெசின் சத்தம் கேக்கிறது இஞ்சை மட்டும்தான். பேர் போடாட்டில் ஆருக்கும் தெரியாதோ?"

"அது அவையள் கண்டுபிடிக்கட்டும். நான் ஏன் காட்டிக்குடுக்கவேணும்?"

ஐந்தாம் நாள் மாஸ்டரின் மனைவி வந்தார். மீனாம்பிகையம்மா. வெயிலில் நடந்தே வந்திருந்தார். மாஸ்டர் இளைப்பாறியபோது மலர் அடிப்பதற்குச் செய்த, அவருடைய உருவம் பொறித்த உலோகப் பட பிளாக்கை ஒரு சீலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். புதுப் பிளாக் செய்ய அப்போது வழியில்லை; அவர் அதிபரான பக்கத்தில் படத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தேன். சிமியோன் அண்ணை எங்கோ மைக்குப் புகைக்கரி தேடப் போயிருந்தார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானே பிள்ளை கத்தரீனா?"

"ஓம்."

"அந்த முனிக்குக் கடைசியிலை நிவாரணக் காட் குடுத்தவையோ?"

எழுத்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"அவர் எழுதிப்போட்டுக் கோயிலுக்குப் போவார். நான் எடுத்து மற்றப் பக்கத்தை வாசிக்கிறது. எங்கடை புளியமரமெல்லே அது? புகையிலைத் தோட்டத்துக்கு அங்காலை நிண்டது. காட்டிலை 'தொழில்' எண்ட இடத்திலை என்னத்தைப் போடுறது எண்டு விதானை முழுசுவான். அந்த இடத்திலை நான் சிரிச்சது, கோயிலாலை வந்து முற்றத்திலை நிண்டவருக்குக் கேட்டிட்டுது. 'குசினிக்குள்ளை என்ன கூத்து' எண்டு ஏசினவர்."

இரண்டு வருடத்தில் என் புத்தகத்தைப் பற்றி முதன்முதலாக ஒருவர் நல்லதாகச் சொன்ன வார்த்தை. காது சுட்டது. அடுத்த நிமிடமே அந்தச் சூடு வேறு இடத்துக்குப் போய்விட்டது.

"அப்ப, அது என்ரை எழுத்து எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"துலைஞ்சு போச்சு எண்டு அவர் எனக்குச் சொல்லேக்கை, நீங்கள்தான் தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சனீங்கள்."

அவர் பிளாக்கின் சீலையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"நாப்பத்தொரு வருசம், பிள்ளை. அவர் கதைக்கேக்கை நான் தேத்தண்ணிதான் வைச்சனான்."

எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்கவேண்டும் என்று இப்போதும் நினைக்கவில்லை. என் கதையை ஒளித்து வைத்துச் சிரித்தவருக்கும், ஒளித்து வைத்து எழுதியவருக்கும் எனக்கு அன்று வித்தியாசம் தெரியவில்லை.

"கடைசி ஆறு தாளும் எங்கை?"

"அதிலை மச்சானுக்குக் கொழும்புக்குக் காயிதம் எழுதினவர். போட்டுது." எழும்பினார். வாசற்படியில் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சோமு, நல்ல கொப்பியிலை பாத்தெழுதித்தான் அச்சுக்குக் குடுக்கவேணும் எண்டு நிண்டவன். நான்தான், உள்ளபடி கொண்டுபோய்க் குடு எண்டனான். நீ இஞ்சை வேலை செய்யிறது எனக்குத் தெரியும்."

நான் பிளாக்கை எடுத்து மேசையில் வைத்தேன்.

"முனிக்குக் காட் கிடைச்சதோ, சொல்லன் பிள்ளை."

"புத்தகம் வந்தாப் பிறகு வாசியுங்கோ."

போய்விட்டார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையில் எனக்கே முழுதாக நினைவில்லை. அந்த ஆறு தாளில் எழுதியதன் சாராம்சம் மனதில் இருந்தது, வசனம் இல்லை. இன்னொரு தாளில் எழுதிப் பார்க்க மனமும் இல்லை. நேரே ஸ்டிக்கை எடுத்தேன். இடம்வலம் மாறித் தெரியும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கடைசி அத்தியாயத்தை ஈயத்திலேயே எழுதினேன். அப்படி எழுதும்போது ஒரு சொல்லை அவசரப்பட்டுச் சொல்லமுடியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் கை பெட்டிக்குப் போய் வரவேண்டும். அதற்குள் அந்தச் சொல் வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். எல்லாக் கிணற்றையும் உப்பாகவே விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். மாஸ்டருக்கு அதுதான் பொருத்தம். இரண்டு வரி கோத்துவிட்டுக் கலைத்தேன். அவருக்காக என் பெட்டைகளை ஏன் தாகத்தில் சாகவிடவேண்டும்? நாற்பதாவது கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியது. பெட்டைகள் முதலில் ஆட்டுக்குட்டிக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். முனிக்கு என்ன நடந்தது என்பதையும் கோத்தேன். எனக்கோ வாயெல்லாம் கரித்தது. கடைசி வரிக்குக் கீழே, மாஸ்டரின் பெயருக்குப் போட்ட அதே பெரிய எழுத்தில் என் பெயரைப் போட்டேன்.

முப்பத்தோராம் நாள் மத்தியானம், கடைசிக் கட்டைச் சைக்கிள் கரியரில் வைத்து நானே கொண்டுபோனேன். மற்றக் கட்டுகள் காலையிலேயே போய்விட்டன. சோமசேகரம் மேற்சட்டை இல்லாமல் வேட்டியோடு பந்தலுக்குள் ஓடித்திரிந்தார். ஒரு பிரதியைக் கையில் எடுத்து, அட்டையைப் பார்த்து, பெருவிரலால் மொத்தத்தை அளந்து, திருப்தியாகத் தலையாட்டினார். உள்ளே விரிக்க அவருக்கு நேரமில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டோடு கல்வெட்டும் கொடுபட்டது. நான் தெருவாசல் படலைக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் என்னை இரு என்று சொல்லவில்லை. நானும் இருக்க வரவில்லை.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. படத்தைப் பார்த்தார்கள். தங்கள் பெயர் வம்சத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு தாள் திரும்பியது. தம்பிஐயா புருவத்தை நெரித்தார். முன்னுக்குத் திருப்பினார், பின்னுக்குத் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். எனக்கு அவருடைய வாய் மட்டும்தான் தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக இளகி, பிறகு அடக்கமுடியாமல் வெடித்தது. செத்த வீட்டில் சிரிக்கக்கூடாது என்று துவாயை வாயில் அடைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர் "என்ன, எந்தப் பக்கம்?" என்று கேட்டுத் தன்னுடையதில் தேடினார். கதிரை கதிரையாக அது பரவியது. சிலர் முகம் சிவந்து புத்தகத்தை மூடினார்கள். ஒருவரும் கீழே வைக்கவில்லை.

சோமசேகரம் ஒருவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பிறகு நேரே படலைக்கு வந்தார்.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?"

"தந்ததைக் கோத்தனான்."

"ஆரிட்டைக் கேட்டு? இது ஆரின்ரை எழுத்து?"

"கீழை பேர் கிடக்குது. வாசியுங்கோ."

"எங்கடை அப்பான்ரை கல்வெட்டிலை உன்ரை பேய்க்கதையோ!"

"என்ரை கதையின்ரை முதுகிலைதான் உங்கடை அப்பா எழுதினவர். நான் அவரின்ரை முதுகிலை அடிச்சனான். நீங்கள்தானே உள்ளபடி வரவேணும் எண்டனீங்கள்? ஒரு சொல்லும் மாத்தேல்லை."

அந்த வசனத்தை ஐந்து நாளாக மனதுக்குள் கோத்து வைத்திருந்தேன். சொல்லி முடிந்ததும், நான் நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. ஆனால் இனித்தது.

அவர் திரும்பிப் பந்தலுக்குள் ஓடினார். "தாங்கோ, தாங்கோ, பிழையா அடிச்சுப்போட்டினம், வேறை தருவம்," என்று மடிகளிலிருந்து இழுத்தார். இரண்டு மூன்று கையில் வந்தது. ஒரு மாமி தன்னுடையதை முந்தானைக்குள் தள்ளினா.

"சாமிப் பாட்டுக் கிடக்குது தம்பி. கையிலை வாங்கினதைத் திருப்பிக் குடுத்தால் போன ஆத்துமாவுக்குக் கூடாது."

இன்னொருவர் சைக்கிள் கூடைக்குள் போட்டுக்கொண்டு அவசரமாக மிதித்தார். குசினி வாசலில் மீனாம்பிகையம்மா மணைக்கட்டையில் இருந்தார். புத்தகம் கடைசிப் பக்கத்தில் விரிந்திருந்தது. மகன் கூப்பிட்ட சத்தத்துக்கு அவர் நிமிரவில்லை, ஒரு விரலை மட்டும் உயர்த்தினார், கொஞ்சம் பொறு என்கிற மாதிரி.

சோமசேகரம் முற்றத்தின் நடுவில் நின்றார். கையில் மிஞ்சிய பிரதிகளில் ஒன்றை விரித்து, என் பக்கத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு கையாலும் கிழிக்கப் போனார். ஓரம் அரை விரல் கிழிந்தது. நிறுத்தினார். திருப்பினார். அங்கே அவருடைய அப்பா, சால்வையோடு, பிளாக்கில் கொஞ்சம் தேய்ந்த மூக்கோடு பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப என் பக்கம். திரும்ப அப்பா. எங்கள் மை புகைக்கரியும் தேங்காயெண்ணெயும் கலந்த மை, தாளில் ஊறும். அவர் அந்த ஒற்றைத் தாளை மத்தியான வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இந்தப் பக்கம் நின்ற எனக்கு, மாஸ்டரின் முகத்துக்குள்ளால் முனியின் வரிசை நீளமாக, தலைகீழாக இல்லாமல் இடம்வலம் மாறி, ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் கையை இறக்கவில்லை. அவருடைய உதடுகள் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தன.